எட்டு சந்திப்பும் பன்னிரண்டு வாக்கியமும்

இயக்குநர் அவர்களே, நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

நம் பயிற்சி நிலையத்தின் ஆண்டு மலரில் உங்கள் முன்னுரையைப் படித்தேன். "மென்டரிங் என்பது கோச்சிங்கின் பழைய பெயர்தான். முறை எதுவும் இல்லாத காலத்தில் மூத்த பணியாளர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி செய்துவந்ததை இப்போது முறைப்படி செய்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பத்தியில், வருகிற பேட்சிலிருந்து மென்டர் பணியிடங்கள் இரண்டையும் எடுத்துவிடுவதாகவும், ஒவ்வொரு பெண்ணுக்கும் எட்டு கோச்சிங் சந்திப்புகள் மட்டும் உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பத்தி பொய். இரண்டாவது பத்தி அந்தப் பொய்யின் மேல் எடுத்த முடிவு.

இப்போது அந்த வேலையில் இருக்கும் இரண்டு பெண்களும் மலரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, நாங்க எழுதுனா வேலையக் காப்பாத்திக்க எழுதுறோம்னு சொல்லுவாங்க. நீங்க எழுதுங்க" என்றார்கள். எழுதுகிறேன். மென்மையாக எழுதத் தெரியாது. தெரிந்தாலும் இப்போது அப்படி எழுதுகிற மனநிலையில் இல்லை.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறது எங்கள் நிலையம். முப்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வேலைக்குப் போகிற பெண்களுக்கானது. முதியோரைப் பார்த்துக்கொள்வது, ஓட்டலில் அறை வேலை, விடுதிச் சமையல் என்று ஆறு மாதம் பயிற்சி. அதன்பின் வேலை. நான் அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். என் அடையாள அட்டையில் முதலில் 'உதவியாளர்' என்று இருந்தது. அப்புறம் 'வழிகாட்டி', அப்புறம் 'மென்டர்', கடைசியில் 'மென்டர் மற்றும் கோச்'. நான்கு அட்டையிலும் ஒரே போட்டோதான்.

அதற்கு முன் ஒன்பது வருடம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்தேன். கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவள். நிலையத்தில் என்னைச் சேர்த்ததற்கு அதுதான் காரணம். சேர்த்தவர் அப்போதைய மேலாளர் தண்டபாணி ஐயா. பழனி அடிவாரத்தில் அவர் குடும்பத்துக்குக் கடை உண்டு. அவர் மட்டும் மலையேறி வந்து எங்களை மேய்த்தார்.

முறை இல்லை என்றீர்களே, அவருடைய முறையைச் சொல்கிறேன். கேளுங்கள்.

காலையில் நாங்கள் ஒவ்வொருவராக அவர் மேசை முன் நின்று முந்தைய நாளின் நடப்பைச் சொல்ல வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் ஒரு முறை நடுவில் நிறுத்தினேன். "ம், அந்தம்மா மாமியார் கதவச் சாத்துச்சு. அப்புறம்?" என்றார். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, இறங்கும். காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கினால் அன்றைக்கு நாம் தொலைந்தோம்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம், பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன்.

"ஐயா, அந்தோணியம்மா மூணு நாளா வரலைங்க."

"நீ போனியா?"

"போன் பண்ணேங்க. எடுக்கலைங்க."

"நான் போனக் கேக்கல. நீ போனியான்னு கேட்டேன்."

குரல் இறங்கிவிட்டது. நான் அப்படியே திரும்பி அந்தோணியம்மாள் வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வைத்த விதிகள் எதுவும் தாளில் இல்லை. ஆனால் ஒன்றைத் தவறவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். முதல் மாதம் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. ஒரு முறை வீட்டுக்குப் போய்வர வேண்டும், விசாரணை செய்ய அல்ல, பார்க்க. போன் அடித்தால் யார் எடுக்கிறார்கள், அவள் கைப்பை எங்கே தொங்குகிறது, அவள் வெள்ளனே கிளம்பிவிட்டால் அடுப்பைப் பற்றவைப்பது யார். கொடுத்ததைச் சாப்பிட வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாள் அவளோடு வாசல்வரை போய், அவள் உள்ளே போகும்வரை நிற்க வேண்டும். முதல் வாரம் தினமும் சாயங்காலம் பேச வேண்டும். பிறகு மாதக் கடைசியில், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், வருடம் முடியும்போது. நோட்டில் மூன்றே விஷயம்: அவள் என்ன கேட்டாள், அதே இடத்தில் நான் இருந்தபோது என்ன செய்தேன், அதனால் எனக்கு என்ன ஆனது.

"பட்டதச் சொல்லு. படாததத் தெரியலைன்னு சொல்லு. நடுவுல உள்ளதச் சொன்னேன்னா சீட்டக் கிழிச்சுருவேன்" என்பார்.

இதுதான் மென்டரிங். அந்தப் பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது.

கோச்சிங் எட்டு வருடத்துக்கு முன் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து நித்யா என்ற பெண் வந்தாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என்னையும் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். அதனால் தெரியாமல் பேசுகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது.

லைஃப் கோச் பதில் சொல்ல மாட்டார், கேள்வி கேட்பார். எதிரில் இருப்பவருக்குள்ளேயே பதில் இருக்கிறது என்பது அந்த முறையின் அடிப்படை. உங்கள் இலக்கு என்ன, அதற்கு ஒன்று முதல் பத்துக்குள் எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள், அடுத்த வாரத்துக்குள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். கோச் தன் சொந்தக் கதையைப் பேசவே கூடாது. முக்கால் மணி நேரம், எட்டு தடவை, அதோடு முடிந்தது.

பயிற்சியில் நான் ஒத்திகை பார்த்தபோது எதிரில் இருந்த பூம்பாறைக்கார அம்மாவிடம், "உங்க தைரியத்துக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்டேன். "நீங்களே பாத்துப் போட்டுக்கோங்கம்மா, ஒங்களுக்குத் தெரியாததா" என்றார். அப்போதே எனக்கு லேசாக உதைத்தது.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். கோச்சிங் வேலை செய்கிற இடம் உண்டு. அமலி என்று ஒரு சமையல்காரி, பன்னிரண்டு வருட அனுபவம். விடுதி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டிபன் கடை போடலாமா என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் நிரந்தர வேலையை ஒரு முறை விட்டு, அவதிப்பட்டுத் திரும்ப வந்தவள். என் பயத்தை அவளுக்கு யோசனையாகக் கொடுத்தேன். "இருக்குறத விடாத" என்றேன். ஒரு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே அடுப்படியில் கிடந்தாள். பிறகு நித்யாவிடம் போனாள். இரண்டே சந்திப்பில் முடிவெடுத்துவிட்டாள்.

"அந்தப் பிள்ள ஒரு கேள்வியக் கேட்டுட்டுப் பேசாம உக்காந்திருச்சுக்கா. எனக்கு எரிச்சலா வந்துச்சு. எரிச்சல்ல வாயில வந்துச்சு பாருங்க, அதுதான் நெசம்" என்றாள். கடை நன்றாக ஓடுகிறது. இன்றைக்கும் நான் அந்தப் பக்கம் போனால், "வாங்க, என் ஒரு வருசத்த முழுங்குனவங்களே, இட்லியும் முழுங்குங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

அமலிக்குத் தொழில் தெரியும், பாதை தெரியும். எடுத்துவைக்க வேண்டிய காலைத்தான் எடுத்துவைக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு என்னைவிட நித்யாதான் சரி. அந்த வருடம் என் தவறு. ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது பேச்சியம்மாள். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரையே போடுங்கக்கா. மறைச்சு மறைச்சுப் பாதி ஆயுசு போச்சு" என்றாள்.

வெள்ளகவிக்காரி. அப்போது முப்பத்தேழு வயது. காப்பித் தோட்டத்தில் கணவர் விழுந்து இடுப்பில் அடிபட்டதால் இவள் வேலைக்கு வந்தாள். முதியோர் பராமரிப்பில் என் இருபத்திரண்டு வருடத்தில் அவளைப் போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை. மலைக் குளிரில் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு உடம்பு துடைப்பது எளிதில்லை. ஒரு கையைத் துடைக்கும்போது மீதி உடம்பு மூடியிருக்க வேண்டும், துண்டு சூடாக இருக்க வேண்டும், பேச்சும் கொடுக்க வேண்டும். அவள் துடைத்து முடிக்கும்போது பெரியவர்கள் தூங்கியிருப்பார்கள். பயிற்சி முடியும் முன்பே ஒரு முதியோர் இல்லம் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னது. திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

ஆறாவது கோச்சிங் சந்திப்பில் நித்யா அவளிடம், "திங்கட்கிழமை சேரப்போறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். "பாக்கலாங்க" என்றிருக்கிறாள் பேச்சி. நித்யா தாளில், 'சிந்திக்கத் தொடங்கிவிட்டார், முன்னேற்றம்' என்று எழுதினாள். அதற்குப் பிறகு பேச்சி நிலையத்துக்கு வரவில்லை. விதிப்படி இரண்டு முறை செய்தி அனுப்பினார்கள். பதில் இல்லை. 'பங்கேற்பாளரின் தேர்வு' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எனக்குத் தெரிந்தது. நித்யாவிடம் போனேன்.

"அக்கா, அவங்க முடிவ நாம மதிக்கணும்ல."

"முடிவு எங்கம்மா எடுத்தா? பாக்கலாங்கன்னு சொல்லியிருக்கா."

"அது பாசிட்டிவ்தானேக்கா?"

"ஏம்மா, ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தவன் பஜ்ஜியத் தின்னுட்டு வாசல்ல நின்னு 'பாக்கலாங்க'ன்னா என்ன அர்த்தம்?"

சிரித்தாள். உடனே முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ அக்கா" என்றாள். கோயம்புத்தூரில் பிறந்த பெண், அவளுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் அந்த வார்த்தை காதில் சரியாக விழுந்திருக்கும். சந்திப்பில் சொன்னதற்கு அர்த்தம் கற்பிக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாடம் காதை அடைத்துவிட்டது.

வெள்ளகவிக்கு அப்போது ரோடு கிடையாது. சனிக்கிழமை காலையில் வட்டக்கானலிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கினேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் அப்போதே சொன்னபடி கேட்காது. பாதி இறக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். அங்கேதான் உறைத்தது. பேச்சியின் பயிற்சி நோட்டில் இரண்டு விதமான கையெழுத்து இருந்தது. மூன்று முறை அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறேன். கேட்டால், "வாயாலயே சொல்லிர்றேங்கக்கா" என்பாள், மடமடவென்று ஒப்பிப்பாள். முதியோர் இல்லத்தில் ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் அடுத்து வருகிறவருக்காகக் குறிப்பு எழுதிவைக்க வேண்டும். இவளுக்கு எழுத வராது. உலகத்தில் வேறு யார் கவனிக்காமல் விட்டிருந்தாலும் நான் விட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, அதனால் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் என் நடையைப் பார்த்துவிட்டு, "இறங்கி வந்துட்டீங்க சரி. ஏத்திவிட எத்தன ஆள் வேணும்?" என்றார்.

"நீங்க கெடக்குற கெடைல எனக்கு ஆள் வேணுமான்னு கேக்குறீங்களாக்கும்" என்றேன். சிரித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பேச்சி காப்பி கொடுத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே ஆரம்பித்தாள். "வீட்ல சோலி ரொம்பக் கெடக்குக்கா. இவரையும் பாக்கணும். அதான்."

"சரி" என்றேன். "பேச்சி, நான் ஆஸ்பத்திரில சேந்து ரெண்டு வருசம் ஒரு வரி எழுதல. கூட இருந்த ஒருத்தி எனக்கும் சேத்து எழுதுவா. நான் கீழ கோடு மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவேன். அவ லீவு போட்ட அன்னைக்குப் பக்கம் வெறுசா கெடந்துச்சு. பெரிய நர்ஸ் கேட்டாங்க. பேனா தீந்துபோச்சுன்னேன். நம்பணும்ல, அதுக்காக நல்ல பேனாவ ஒடச்சுக் குப்பையில போட்டேன்."

கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க படிச்சவங்கன்னு சொன்னாங்க?"

"மூணாவதோட நின்னவ. மத்ததெல்லாம் பெறகு எழுதி வாங்குனது."

நிலையத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. தண்டபாணி ஐயாவுக்கு மட்டும் தெரியும். அவரும் அப்போது உயிரோடு இல்லை. பதினாறு வருடம் மறைத்ததை ஒரு டம்ளர் காப்பிக்குச் சொன்னேன். பேச்சி காப்பிக்கொட்டையை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "எழுத்துக் கூட்டிப் படிச்சுருவேங்கக்கா. எழுதத்தான் கை வரமாட்டேங்குது. நித்யா மேடம் நல்லவங்க. ஆனா 'எது உங்களத் தடுக்குது'ன்னு கேட்டா இத எப்படிங்க சொல்றது?" என்றாள்.

எப்படிச் சொல்வாள்? எதிரில் இருப்பவள் தன் வெட்கத்தை முதலில் எடுத்து வெளியே வைத்தால்தான் இவள் தன்னுடையதை வைப்பாள். கோச் அப்படி வைக்கக் கூடாது என்பது விதி.

நான் எப்படித் தப்பித்தேன் என்பதைச் சொன்னேன். பழைய குறிப்புகளை இன்னொருத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டபோது, வார்டில் எழுதுவதெல்லாம் திரும்பத் திரும்பப் பன்னிரண்டு வாக்கியம்தான் என்று கண்டுபிடித்தேன். நன்றாகச் சாப்பிட்டார். பாதி சாப்பிட்டார். சாப்பிடவில்லை. தூங்கினார். தூங்கவில்லை. மலம் போனது. போகவில்லை. உடம்பு துடைத்தேன். புரட்டிப் படுக்கவைத்தேன். இருமல் இருக்கிறது. வலி என்று சொன்னார். பார்க்க ஆள் வந்தார்கள். இந்தப் பன்னிரண்டையும் கோலம் போடப் பழகுவது போலப் பழகினேன். எழுத்து என்று நினைத்தால் கை நகராது. கோலம் என்று நினைத்தால் தானாக ஓடும்.

அந்தப் பன்னிரண்டையும் என் நோட்டில் பெரிது பெரிதாக எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். மதியம்வரை உட்கார்ந்து எழுதினாள். ஏழு வந்தது. மீதி ஐந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம். கிளம்பும் முன் ஒரு நிபந்தனை போட்டேன். திங்கட்கிழமை இல்லத்தை நடத்துகிற மேட்ரனிடம் இதை அவளே சொல்ல வேண்டும். பன்னிரண்டில் இல்லாத எதையாவது பார்த்தால் எழுத முயற்சி செய்யக் கூடாது, நர்ஸிடம் ஓடிப்போய் வாயால் சொல்ல வேண்டும்.

"சொன்னா வேல போயிரும்க்கா."

"போகலாம். சொல்லாமப் போனா நீயும் ஒருத்தியத் தேடணும். அவ லீவு போட்டா எந்தப் பேனாவ ஒடப்ப?"

திங்கட்கிழமை இல்லத்தின் வாசலில் நின்றேன். உள்ளே போனவள் வெளியே வரும்வரை காத்திருந்தேன். மேட்ரனே அவளோடு வெளியே வந்தார். "எழுதத் தெரிஞ்சவளுக நாலு பேரு வச்சிருக்கேன். நாலு பேரும் தினம் எழுதுறது ஒரே வார்த்த, நார்மல். இவ என்னத்தையாச்சும் பாக்குறாளான்னு பாப்போம்" என்றார்.

பார்த்தாள். முதல் வாரம் தினமும் சாயங்காலம் எழுதியதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டாவது மாதம் ஒரு நாள் காலையில், ஒரு வயதான அம்மாவின் வலது கை டம்ளரைப் பிடிக்காமல் நழுவவிடுவதைப் பார்த்தாள். பன்னிரண்டில் அது இல்லை. ஓடினாள். நர்ஸ் வந்து பார்த்து உடனே வண்டி வரவழைத்தார். பக்கவாதத்தின் தொடக்கம், வெரசாகக் கொண்டுவந்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். பேச்சி கையால் தவிர வேறு யார் கையாலும் குளிக்க மாட்டார்.

இன்றைக்கு அந்த இல்லத்தில் பகல் ஷிப்டுக்குப் பொறுப்பு பேச்சியம்மாள்தான். புதிதாக வருகிறவர்களை 'நார்மல்' என்று எழுத விடுவதில்லையாம். நான் வாழ்க்கையில் உருப்படியாக என்ன செய்தேன் என்று கேட்டால் இதைச் சொல்வேன். தலை நிமிர்ந்து சொல்வேன்.

உங்கள் மலரில் அவள் போட்டோவைப் போட்டு, 'எட்டு கோச்சிங் சந்திப்புகளின் வெற்றி' என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வந்தது ஆறு. மூடிய கோப்பில் கையெழுத்து உங்களுடையது. நித்யாவே அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்து, "நான் இதச் சொல்லலக்கா, நம்புங்க" என்றாள். நம்புகிறேன். அவள் நேர்மையான கோச். தன் தொழில் எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை.

இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வழி தெரிந்தும் நிற்கிறவளுக்குக் கோச் வேண்டும். வழியே தெரியாதவளுக்கு, அந்த வழியில் விழுந்து எழுந்தவள் ஒருத்தி வேண்டும், கூட நடக்க. அதை முக்கால் மணி நேரமாக வெட்டித் தர முடியாது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை ஒழிப்பதற்கு, இரண்டும் ஒன்றுதான் என்று அச்சில் ஏற்றியிருக்கிறீர்கள்.

வருகிற பேட்சில் முப்பது பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு எது வாயில் வராது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அடுத்த மாதம் பழைய மாணவியர் கூட்டம் நடக்கிறது. பேச்சியம்மாளும் அமலியும் வருகிறார்கள், நித்யா வருகிறாள், நானும் வருகிறேன். எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம், அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துச் சமாதானமும் சொல்ல வேண்டாம். எட்டு சந்திப்பும் முடிந்த மறுநாள் இந்த முப்பது பேரில் ஒருத்தி வேலைக்கு வரவில்லை என்றால், அவள் வீட்டு வாசலில் போய் நிற்கப்போவது யார்? அந்தப் புதுப் பெண்கள் முப்பது பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்து, மைக்கைக் கையில் பிடித்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள்.